‘அனுப்பப்பட்டது’ என்றால் என்ன பொருள்?

ஒரு பொருளைச் செய்தவரே அதற்கு விளக்கம் எழுதக்கூடாது. வேறொருவர் எழுத வேண்டும். எழுதுகிறவருக்குச் செய்தவரை நிறுத்திக் கேள்வி கேட்கும் அதிகாரம் இருக்க வேண்டும். விளக்கம் எழுதி முடியும்வரை அந்தப் பொருள் வெளியே போகக்கூடாது. இது என் கட்சி. 34 ஆண்டு அரசு அலுவலகத்தில் எழுத்தராக நோட் போட்டே காலம் தள்ளியவனுக்கு இப்படியொரு கட்சி இருப்பதில் வியப்பில்லை. கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிற இடத்திலும் இதே வழக்குதான் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் எனக்குப் புதிய செய்தி.

என் பேத்தி சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மின் மீட்டர் போன்ற கருவிகளிலிருந்து அளவுகளை எடுத்து நெட்வொர்க் வழியாக மேலிடத்துக்கு அனுப்பும் மென்பொருள் அவர்களுடையது. அதற்காக சி மொழியில் ஒரு ‘லைப்ரரி’ எழுதி வைத்திருக்கிறார்களாம். புத்தகம் அடுக்கிய நூலகம் என்று நினைத்துவிடாதீர்கள். பலர் திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய வேலைகளை ஒரே இடத்தில் எழுதி வைத்து, வேண்டியவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளும்படி செய்த தொகுப்பு அது. அதில் சாக்கெட் என்ற பகுதிக்கு விளக்கக் குறிப்பு எழுதும் வேலை இவள் தலையில் விழுந்தது. “புதுசா சேர்ந்தவங்களுக்குத்தான் தாத்தா இதைத் தள்ளிவிடுவாங்க” என்றாள். ரெக்கார்டு ரூமுக்குப் புதியவனை அனுப்புவது எல்லா இடத்திலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

அவள் எழுதியது ஏழு பக்கம். இங்கே பெண்ணாடத்துக்கு வந்திருந்தபோது, தமிழில் எனக்கு விளக்கிச் சொல்லிப் பார்த்தால் தனக்கே புரிகிறதா என்று தெரிந்துவிடும் என்று உட்கார்ந்தாள். இரண்டு நாள் உட்கார்ந்தோம். அதிலிருந்து பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

சாக்கெட் என்பதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ள வேண்டும். நிரல், இயங்குதளத்திடம் போய் “எனக்கு ஒரு வாசல் வேண்டும்” என்று கேட்கிறது. அது ஒரு சின்ன எண்ணைத் தருகிறது: 3, 4, 5 என்று. நம் ஊர் அலுவலகங்களில் ஒரு தாள் உள்ளே வந்ததும் ந.க.எண் போடுவோமே, அதுபோல. அதன் பிறகு பேச்சு, எழுத்து எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான். அந்த எண்ணுக்கு முகவரி கட்டுவது ‘பைண்ட்’. வருகிறவருக்காகக் காத்திருப்பது ‘லிஸன்’, வந்தவரை உள்ளே விடுவது ‘அக்செப்ட்’. நாமே போய் அடுத்தவர் கதவைத் தட்டுவது ‘கனெக்ட்’. அனுப்புவது ‘சென்ட்’, வாங்குவது ‘ரிசீவ்’, முடித்து மூடுவது ‘குளோஸ்’. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 1983-இல் வெளியிட்ட 4.2 பி.எஸ்.டி. என்ற யூனிக்ஸ் பதிப்பில் வந்த பெயர்கள் இவை. 40 ஆண்டு கடந்தும் அதே பெயர்கள், ஏறக்குறைய அதே நடைமுறை. எங்கள் அலுவலகத்தில் ஒரு படிவம் நாலு வருஷம் மாறாமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

இவளுடைய கம்பெனி லைப்ரரி இந்தப் பழைய வாசலுக்கு மேலே இன்னொரு சட்டம் மாட்டி, வேறு பெயர்கள் கொடுத்திருக்கிறது. அதில் அனுப்பும் செயலுக்கு அவள் எழுதியிருந்த விளக்கம் இது: “தரவை அனுப்பும். வெற்றியானால் 0, தோல்வியானால் கழித்தல் 1 திருப்பித் தரும்.” அவ்வளவுதான். அந்த நிரலை எழுதியவர் மேலே ஒரு வரிக் குறிப்பாக விட்டிருந்ததை இவள் அழகுபடுத்தி எழுதியிருக்கிறாள்.

நான் கேட்டேன்: “அனுப்பும் என்றால் என்னம்மா?”

அவள் சிரித்தாள். அனுப்பும் என்றால் அனுப்பும்தானே!

இந்த இடத்தில் ஒரு பழைய கதை சொல்லியாக வேண்டும். நான் வேலை பார்த்த அலுவலகங்களில் ஒன்றில் (பெயர் வேண்டாம்) காலமான ஓர் ஆசிரியரின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியக் கருத்துரு தயாரித்து மேலிடத்துக்கு அனுப்பினார்கள். அந்த அம்மா மாதம் ஒருமுறை வந்து கேட்பார். அனுப்புகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, “இதோ பாருங்கம்மா, அனுப்பப்பட்டதுன்னு சீல் போட்டு, தேதியும் இருக்கு” என்று காட்டுவார்கள். மேலிடத்தில் கேட்டால் வரவில்லை என்பார்கள். எட்டு மாதம் இப்படிப் போயிற்று. கடைசியில் அந்த உறை எங்கே இருந்தது தெரியுமா? அதே அலுவலகத்தில், அனுப்புகை எழுத்தர் மேசைக்குப் பக்கத்துத் தட்டில். சர்வீஸ் ஸ்டாம்ப் தீர்ந்துபோயிருந்தது. ஸ்டாம்ப் வந்ததும் ஒட்டலாம் என்று தட்டில் வைத்தவர் மாற்றலாகிப் போய்விட்டார். உறையைத் தட்டில் வைக்கும்போதே பதிவேட்டில் சீல் போட்டுவிடுவது அங்கே வழக்கம். யாரும் பொய் சொல்லவில்லை. ‘அனுப்பப்பட்டது’ என்பதற்கு அந்த அலுவலகத்தில் இருந்த பொருள் ‘தட்டில் வைக்கப்பட்டது’ என்பதுதான். அதை மட்டும் யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

சாக்கெட்டிலும் அச்சு அசல் இதேதான் நடக்கிறது என்று அவள் படித்துக் காட்டியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘சென்ட்’ என்ற செயல் வெற்றி என்று திரும்பினால், நாம் கொடுத்த எழுத்துகளை இயங்குதளம் வாங்கித் தன் தட்டில் வைத்துக்கொண்டது என்றுதான் பொருள். கம்பியில் ஏறிற்றா, எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு அது பொறுப்பேற்கவில்லை. லினக்ஸ் கையேட்டுப் பக்கமே, சேர்ப்பிக்க முடியாமல் போனால் அது ‘சென்ட்’ தரும் பதிலிலேயே தெரிந்துவிடும் என்று எண்ண வேண்டாம் என்ற கருத்தை ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. அந்த ஒரு வரிக்காக அதை எழுதியவருக்கு நான் சம்பள உயர்வு சிபாரிசு செய்வேன்.

இன்னொன்று. தட்டில் இடம் குறைவாக இருந்தால், கொடுத்ததில் ஒரு பகுதியை மட்டும் வாங்கிக்கொண்டு, “இத்தனைதான் வாங்கினேன்” என்று எண்ணைச் சொல்லும். 1000 கொடுத்தால் 600 வாங்கினேன் என்னும். மீதி 400-ஐ நாம்தான் மறுபடி கொடுக்க வேண்டும். சரி, உங்கள் லைப்ரரி அந்த மீதியை என்ன செய்கிறது என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. எழுதியவரிடம் போனில் கேட்டாள். அவருக்கும் உடனே நினைவில்லை. நிரலைத் திறந்து பார்த்தார்கள். இயங்குதளம் எத்தனை வாங்கினாலும், வாங்கியது பூஜ்யத்துக்கு மேல் இருந்தால், இவர்கள் லைப்ரரி 0, அதாவது ‘வெற்றி’ என்று திருப்பிக்கொண்டிருந்தது. மீதி 400 காற்றோடு போயிற்று. சோதனையின்போது அனுப்பியதெல்லாம் சின்னச் சின்னச் செய்திகள் என்பதால் இதுவரை யாருக்கும் தெரியவில்லை. நாளைக்கு ஒரு கிராமத்துக் கருவி நாள் முழுவதும் இணைப்பில்லாமல் இருந்துவிட்டு, சேர்த்துவைத்த அளவுகளை ஒரே மூச்சில் அனுப்பும்போது தெரியும். யாரோ ஒருவருடைய மின் கட்டணத்தில் தெரியும்.

இந்தப் பிழையைக் கண்டுபிடித்தது சோதனைப் பிரிவு இல்லை. ‘அனுப்பும்’ என்ற ஒரு சொல்லுக்குப் பொருள் எழுத முயன்றபோது அகப்பட்டது.

இது ஏதோ எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த அதிசயம் என்று எண்ண வேண்டாம். லினக்ஸ் கையேட்டுப் பக்கங்களை 2004 முதல் பல ஆண்டுகள் பராமரித்தவர் மைக்கேல் கெரிஸ்க் என்பவர். 2007-இல் லினக்ஸ் கருவகத்தின் 2.6.22 பதிப்பில் ‘டைமர்எஃப்டி’ என்று ஒரு புதிய வசதி வந்தது. அதற்குக் கையேட்டுப் பக்கம் எழுத உட்கார்ந்தவர், இது இப்படி இருந்தால் சரிவராதே என்று குறைகளை எடுத்துச் சொன்னார். விவாதம் நடந்து, அந்த வசதியை அடுத்த பதிப்பில் முடக்கிவைத்து, வேறு வடிவத்தில் 2008-இல் 2.6.25 பதிப்பில் கொண்டுவந்தார்கள். வெளியே போய்விட்ட ஒன்றையே திரும்பப் பெற வைத்தது ஒரு கையேட்டுப் பக்கம். அந்தப் பக்கத்தை வெளியே போவதற்கு முன்னால் எழுதியிருந்தால் இன்னும் மலிவாக முடிந்திருக்கும் என்பதுதான் என் வாதம்.

செய்தவருக்கு ஏன் இது தெரிவதில்லை? அறிவு குறைவு என்று நான் சொல்லமாட்டேன். அவர் மனத்தில் அந்தப் பொருள் முழுதாக இருக்கிறது. எழுதாமல் விட்டதையும் அவர் தானாகவே நிரப்பிப் படித்துக்கொள்கிறார். நன்னூல், ஒரு நூலுக்கு வரக்கூடிய குற்றங்கள் பத்து என்று கணக்குச் சொல்கிறது. அவற்றில் ஒன்று ‘குன்றக் கூறல்’. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன், நன்னூல் பக்கம் வந்தது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். ஆனாலும் ‘தரவை அனுப்பும்’ என்பதைவிடக் குன்றக் கூறலுக்கு நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அதோடு நம் அலுவலகத் தமிழுக்குச் செயப்பாட்டு வினை என்றொரு பாதுகாப்புக் கோட்டை உண்டு. அனுப்பப்பட்டது, பரிசீலிக்கப்பட்டது, தக்க நடவடிக்கை எடுக்கப்படும். யார், யாருக்கு, எப்போது என்று ஒன்றும் இராது. பிரெஞ்சில் இதற்கு ‘ஓன்’ என்று ஒரு சிறு சொல் வைத்திருக்கிறார்கள். ஆள் இல்லாத எழுவாய். எங்கள் பள்ளியில் வியாசத்தில் ‘ஓன்’ போட்டால் ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டு “கீ?” என்று எழுதுவார். யார்? அந்தச் சிவப்பு வட்டம்தான் எழுத்தர் வேலைக்கு எனக்குக் கிடைத்த பயிற்சி என்பேன். பேத்தியின் ஏழு பக்கத்திலும் நான் செய்த வேலை அதுதான். ‘பஃபர் விடுவிக்கப்படும்’ என்றிருந்த இடத்தில் வட்டமிட்டேன். யார் விடுவிப்பார், லைப்ரரியா, அதைக் கூப்பிடுகிறவரா? இருவரும் விடுவித்தால் நிரல் விழுந்துவிடும், இருவரும் விடுவிக்காவிட்டால் நினைவகம் ஒழுகிக்கொண்டே இருக்கும் என்று அவளே சொன்னாள்.

அளவு விஷயத்துக்கு வருகிறேன். அனுப்பும் செயலுக்கு ‘நீளம்’ என்று ஓர் எண் கொடுக்க வேண்டும். எதன் நீளம்? நம் ஊர்ப் பெயரையே அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘பெண்ணாடம்’. தமிழ் தெரிந்தவர் எண்ணினால் எழுத்து 5. யூனிகோடு கணக்கில் ஒற்றெழுத்தின் புள்ளி தனி, கொம்பு தனி, கால் தனி என்பதால் 9. யூ.டி.எஃப்-8 என்ற முறையில் கம்பியில் ஏறும்போது அந்த ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 27. சாக்கெட்டுக்கு வேண்டியது 27. விளக்கத்தில் வெறும் ‘நீளம்’ என்று எழுதினால், தமிழ்ப் பையன் ஒருவன் 5 என்று கொடுப்பான். ‘ப’ ஒன்று போகும், அடுத்த குறி பாதியில் அறுந்து போகும், எதிர்முனையில் ‘ப’வுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் தெரியும். இங்கிலீஷ்காரனுக்கு இந்தச் சிக்கல் வராது. அவன் எழுத்தும் பைட்டும் ஒன்று. அதனால்தான் அவன் எழுதும் விளக்கங்களில் இந்த வரி பல நேரம் விட்டுப்போகிறது.

பக்கத்தில் விருத்தாசலத்தில் பீங்கான் வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள். மண் பச்சையாக இருக்கும்போது ஓர் அளவு, சூளையிலிருந்து வெளியே வந்தபின் வேறு அளவு, ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். 10 அங்குலப் பொம்மை வேண்டும் என்று ஆர்டர் வந்தால் அவர்கள் முதலில் கேட்பது, சுடுவதற்கு முன்னா, பின்னா என்றுதான். கேட்காமல் செய்தால் சரக்கு திரும்பி வரும்.

வாங்கும் பக்கத்திலும் இதே கூத்து. டி.சி.பி. என்ற முறையில் செய்திக்கும் செய்திக்கும் நடுவே எல்லைக்கோடு கிடையாது. நீங்கள் மூன்று தடவையாக அனுப்பியது எதிர்ப்பக்கத்தில் ஒரே கட்டாக வரலாம், ஒன்றாக அனுப்பியது நான்கு துண்டாகவும் வரலாம். வரிசை மட்டும் மாறாது. ‘ரிசீவ்’ 0 என்று திருப்பினால் செய்தி இல்லை என்று பொருளில்லை, எதிர்ப்பக்கத்தார் பேசி முடித்துவிட்டார் என்று பொருள். எதிர்ப்பக்கம் முழுவதும் மூடிப் போனபின் தெரியாமல் எழுதிக்கொண்டே இருந்தால், யூனிக்ஸ் வகையறாவில் ‘சிக்பைப்’ என்றொரு சமிக்ஞை வந்து நிரலையே முடித்துவிடும், முன்கூட்டி ஏற்பாடு செய்திராவிட்டால். போர்ட் எண்ணை நெட்வொர்க் வரிசைக்கு மாற்றாமல் கொடுத்தால் 80 என்பது 20480 ஆகிவிடும். இத்தனையும் பழைய கதைகள். ரிச்சர்டு ஸ்டீவன்ஸ் என்பவர் 1990-இல் யூனிக்ஸ் நெட்வொர்க் நிரலாக்கம் பற்றி ஒரு தடித்த புத்தகம் எழுதி, ஒரு தலைமுறைக்கே இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தார். அவர் 1999-இல் காலமானார். அவர் எழுதி வைத்ததையே இன்றும் ஒவ்வொரு கம்பெனியிலும் புதியவர்கள் அடிபட்டு மறுபடி கற்றுக்கொள்கிறார்கள் என்றால், அவரவர் லைப்ரரி விளக்கத்தில் ‘தரவை அனுப்பும்’ என்று முடித்துவிடுவதுதான் காரணம்.

ந.க.எண் பற்றி ஒரு வார்த்தை. நம் அலுவலகத்தில் ஒரு வருஷத்தில் போட்ட எண்ணை அந்த வருஷத்தில் மறுபடி போடமாட்டோம். சாக்கெட்டில் அப்படி இல்லை. 5 என்ற எண்ணை மூடிவிட்டால், அடுத்து வாசல் கேட்கும் யாருக்கும் அதே 5-ஐக் கொடுத்துவிடும். மூடியது தெரியாமல் நிரலின் இன்னொரு பகுதி பழைய 5 என்று நினைத்து எழுதினால், அது வேறொருவருடைய கோப்பில் போய் விழும். ஓய்வூதியக் கருத்துரு, நிலப் பட்டா கோப்பில் சேர்ந்த மாதிரி. ஆகவே ‘மூடும்’ என்ற செயலுக்கு விளக்கம் எழுதும்போது யார் மூடலாம், எப்போது மூடக்கூடாது, மூடியபின் என்ன செய்யக்கூடாது என்று எழுத வேண்டும். அவள் அதற்கு எழுதியிருந்தது “இணைப்பை மூடும்” என்ற இரண்டு சொல். நான் போட்ட வட்டங்களிலேயே பெரியது அங்கேதான்.

இதற்கு எதிர்க்கட்சி உண்டு. நிரலே விளக்கம்தானே, படித்துக்கொள்ள வேண்டியதுதானே என்று ஒரு சாரார். இப்போது இயந்திரமே நிரலைப் படித்து விளக்கம் எழுதித் தருகிறதே, மனிதன் எதற்கு என்று இன்னொரு சாரார். அவள் மேலாளர் இரண்டாவது கட்சி. இருவருக்கும் என் பதில் ஒன்றுதான். நிரல் இன்று என்ன செய்கிறது என்பதை நிரலில் பார்க்கலாம். நாளைக்கும் அது மாறாமல் இருக்குமா, எதை நம்பி நான் என் வீட்டைக் கட்டலாம் என்பது நிரலில் இல்லை. அது ஒருவர் கொடுக்க வேண்டிய வாக்கு. அந்த மீதி 400-ஐக் காற்றில் விட்ட செயலை இயந்திரத்திடம் கொடுத்திருந்தால், “ஒரு பகுதி மட்டும் போனாலும் 0 திருப்பும்” என்று ஒழுங்காகவே எழுதித் தந்திருக்கும். அது பிழையா, அப்படித்தான் இருக்க வேண்டுமா என்று போன் போட்டுக் கேட்டிருக்குமா?

‘லிஸன்’ கதை இதற்குச் சரியான சாட்சி. வாசலில் எத்தனை பேரைக் காக்கவைக்கலாம் என்று அதற்கு ஓர் எண் கொடுப்பார்கள். லினக்ஸ் 2.2 வந்தபோது அந்த எண்ணின் பொருளே மாறியது. அறிமுகம் முழுதாக முடிந்து உள்ளே வரக் காத்திருப்பவர்களை மட்டும் எண்ணுவது என்று ஆயிற்று. நீங்கள் எத்தனை பெரிய எண் கொடுத்தாலும் இயங்குதளம் ஓர் உச்சவரம்பு வைத்து சத்தமில்லாமல் வெட்டிவிடும். வெகு காலம் அந்த வரம்பு 128. 5.4 பதிப்பிலிருந்து 4096. நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஆனால் அதன் நடத்தை மாறிவிட்டது. இதைக் கையேட்டுப் பக்கத்தில் ஒருவர் குறித்து வைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது.

எதிர்க்கட்சிக்கு ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். 2010-இல் சி மொழியின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியில், நினைவகத்தைப் படியெடுக்கும் ஒரு செயலின் உள்வேலையை மாற்றினார்கள். மூலமும் நகலும் ஒன்றன்மேல் ஒன்று படியக்கூடாது என்று விளக்கத்தில் முன்பே இருந்தது. அதை மீறி எழுதப்பட்டிருந்த ஃப்ளாஷ் நிரலில் ஒலி கரகரத்தது. விளக்கத்தில் எழுதியிருக்கிறதே என்று லைப்ரரிக்காரர்கள் சொன்னார்கள். பயன்படுத்துகிறவருக்கு அதுவா முக்கியம், ஓடிக்கொண்டிருந்தது நின்றுவிட்டதே என்றார் லினஸ் டோர்வால்ட்ஸ். அவர் சொன்னது நடைமுறைக்குச் சரிதான். விதி எழுதிவிட்டால் எல்லோரும் படித்துவிடுவார்கள் என்று அரசு ஊழியன் எவனும் நம்பமாட்டான். ஆனாலும் அந்த வழக்கில் யார் பக்கம் தவறு என்று பேசவாவது முடிந்தது. பேத்தியின் கம்பெனியில் அதற்கும் வழியில்லை.

எனக்கு இதில் பிடித்த ஆள் ஒருவர் உண்டு, பிரெஞ்சுக்காரர் என்பதால் கொஞ்சம் பாரபட்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். லூயி பூஸான். 1970-களில் பிரான்சில் ‘சிக்லாத்’ என்ற ஆராய்ச்சி நெட்வொர்க்கைக் கட்டினார். அவர் கொள்கை எளியது. நடுவில் இருக்கும் நெட்வொர்க் எந்த வாக்கும் கொடுக்காது. பொட்டலம் தொலையலாம், முன்பின்னாக வரலாம். சரிபார்த்து, தொலைந்ததை மறுபடி கேட்பது இரு முனையில் இருப்பவர் பொறுப்பு. தொலைபேசித் துறையாருக்கு இது பிடிக்கவில்லை. நெட்வொர்க்கே எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. சிக்லாத்துக்குப் பணம் நின்றுபோயிற்று. ஆனால் இன்டர்நெட்டை வடிவமைத்தவர்கள் பூஸானின் எண்ணத்தை எடுத்துக்கொண்டார்கள். 2013-இல் இங்கிலாந்து ராணி பெயரிலான பொறியியல் பரிசு கொடுத்தபோது விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகியோருடன் அவரையும் சேர்த்தார்கள். ‘நான் இதற்குப் பொறுப்பில்லை’ என்று தெளிவாக முன்கூட்டிச் சொன்ன நெட்வொர்க்கின் மேல்தான் இத்தனையும் நிற்கிறது. எதிரில் இருப்பவர் அதற்கேற்பத் தன் ஏற்பாட்டைச் செய்துகொள்ள முடிந்தது, அதனால்.

ரயில்காரர்களுக்கும் இது தெரியும். நம் பெண்ணாடம் ஸ்டேஷன் வழியாக ஒற்றைப் பாதையில் வண்டி ஓடிய நாளில், அடுத்த ஸ்டேஷனில் ‘லைன் கிளியர்’ கேட்டு வாங்காமல் வண்டியை விடமாட்டார்கள். அவர்கள் விதிப் புத்தகத்தில் கருவி, போன் எல்லாத் தொடர்பும் அறுந்துபோனால் என்ன செய்வது என்பதற்கே தனி நடைமுறை உண்டு. எல்லாம் சரியாக ஓடும்போது விதிப் புத்தகத்தை யார் திறக்கப் போகிறார்கள்? சாக்கெட் விளக்கத்திலும் தோல்விப் பகுதிதான் நீளமாக இருக்க வேண்டும். பேத்தியின் பக்கங்களில் அதற்கு ஒரே வரி: கழித்தல் 1.

எல்லாம் சரி, இந்த வேலைக்கு யார் கூலி கொடுப்பது? கெரிஸ்குக்குப் பிறகு அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டவர் அலெஹாந்த்ரோ கோலோமர். உலகத்தின் பெரிய கம்பெனிகளெல்லாம் லினக்ஸில் ஓடுகின்றன, அவர்கள் ஆட்கள் தினமும் அந்தப் பக்கங்களைத் திறந்துதான் வேலை செய்கிறார்கள். 2024 செப்டம்பரில் அவர், கூலியில்லாமல் இனித் தொடர முடியாது என்று வேலையை நிறுத்திவைப்பதாக அறிவித்தார். பிறகு சில நிறுவனங்கள் பணம் தர முன்வந்து வேலை தொடர்ந்தது. நிறுத்துகிறேன் என்று சொன்ன பிறகுதான் அந்த நாற்காலி இருப்பதே கண்ணில் பட்டிருக்கிறது.

எங்கள் வீட்டு வழக்கு இப்போது இந்த நிலையில் இருக்கிறது. மீதி 400-ஐத் தானே மறுபடி அனுப்பும்படி அந்தச் செயலைத் திருத்திவிட்டார்கள். ‘அனுப்பும்’ என்ற இடத்தில் இப்போது, “கொடுத்த பைட் அனைத்தையும் இயங்குதளம் ஏற்றுக்கொண்ட பிறகே 0 திருப்பும், எதிர்முனை பெற்றதற்கு இது சான்று ஆகாது, சான்று வேண்டுமானால் எதிர்முனை நிரலிடமிருந்து தனியாக ஒப்புகை பெற வேண்டும்” என்று இருக்கிறது. அந்நாளில் ரிஜிஸ்தர் தபாலில் வந்த ஒப்புகை அட்டையில்கூட, தபால் வாங்கியவர் கையெழுத்துத்தான் இருந்தது, அதிகாரி படித்தார் என்று இருந்ததில்லை. அந்த மூன்றாவது வாக்கியம் அவளாகவே எழுதியது. ஏழு பக்கம் பத்தொன்பது ஆகியிருக்கிறது. பத்தொன்பது பக்கம் யார் படிப்பார்கள் என்று மேலாளர் கேட்டாராம். வெளியீட்டுத் தேதியைத் தள்ளிப்போட முடியாது, அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறார். இருவருக்கும் இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

நான் அவளிடம் கேட்கச் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மூன்று வரி வேண்டும்: எழுதியவர், சரிபார்த்தவர், தேதி. எழுதியவரும் சரிபார்த்தவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது.